ஏழெட்டுக்கு விட்ட இடைவெளி

1

என்னைக் கோயிலில் கண்டால் இருமலை அடக்கிக்கொள்ளும் ஆட்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். "தம்பி, எனக்கு இப்பவே எழுதத் தொடங்கிடாதை" என்று சிலர் பகிடியும் விடுவார்கள். காரணம், நான் கல்வெட்டு எழுதுகிறவன்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கோயில் மதிலில் அரசன் வெட்டிவைத்த கல்வெட்டு அல்ல இது. யாழ்ப்பாணத்தார் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து, வந்தவர்களுக்குச் சோறு போடுமுன் ஒரு சிறு புத்தகம் கையில் கொடுப்பார்கள். முதல் பக்கத்தில் இறந்தவரின் படம், பிறகு தேவாரம், அதற்குப் பிறகு அவர் பிறந்த ஊர், படித்த படிப்பு, பார்த்த உத்தியோகம் எல்லாம் பாட்டாக. கடைசியில் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல். அதை ஒருவர் எழுந்து ராகம் போட்டு வாசிப்பார். மற்றவர்கள் குழம்பு வாசத்தை மோந்துகொண்டு கேட்டிருப்பார்கள். மெல்பேர்னின் தென்கிழக்கில் அதை எழுதுவதும் வாசிப்பதும் பெரும்பாலும் நான்தான்.

கிழமை நாட்களில் டண்டினொங்கில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். ஓட்டிக்கொண்டே எதுகை தேடுவேன். யாப்பு முழுதாகத் தெரியும் என்று சொல்லமாட்டேன், காதுக்கு ஓடினால் சரி என்று விட்டுவிடுவேன். பொய்யும் எழுதுவேன். சண்டைக்காரர் 'சாந்தசீலர்' ஆவார், கஞ்சன் 'வாரி வழங்கிய வள்ளல்' ஆவார். என் கல்வெட்டுகளில் இதுவரை ஒரு கெட்டவர்கூட இறந்ததில்லை.

போன கிழமை நிரூபனுடைய ஆண்டுத் திவசம். சாப்பிட்டு முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் மகள் காருக்குள் அவனுடைய பாட்டைப் போட்டாள். அந்தப் பாட்டைக் கேட்டதும் போன வருடத்துக் கல்வெட்டின் கதை முழுக்க நினைவுக்கு வந்தது. அதை எழுதிவைக்கத் தோன்றியது.

2

நிரூபன் தேவராசா அண்ணையின் மகன். தேவராசா அண்ணையை நோபல் பார்க்கில் எல்லோருக்கும் தெரியும். ஊரில் கணக்கு வாத்தியார். சண்டைக்குப் பயந்து லண்டனுக்குப் போய் ஈஸ்ட்ஹாமில் ஒரு பெற்றோல் செட்டில் காருக்கு எண்ணெய் அடித்துக்கொண்டு கனகாலம் நின்றவர். ஓய்வு பெற்றபின் இங்கே மகள் சுதாவோடு இருக்க வந்தார். இன்றைக்கும் கடையில் மிச்சக்காசை எண்ணாமல் வாங்கமாட்டார். அவருடைய மனைவி ராணி அக்கா. இவர் கூட்டிப் பெருக்கிச் சொல்வதையெல்லாம் ஒரு சிரிப்பால் கழித்துவிடுகிற மனுசி.

நிரூபன் லண்டனிலேயே இருந்துவிட்டான். கலியாணம் செய்யவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் கம்பியூட்டர் திருத்துகிற வேலை. அந்தத் தகவல்தொழில்நுட்ப வேலையைத் தேவராசா அண்ணை 'ஐரி மனேச்சர்' என்பார். நாற்பது ஆகவில்லை. ஒருநாள் வேலைக்கு வரவில்லை என்று பள்ளிக்கூடத்தார் ஆள் அனுப்பிப் பார்த்தபோது கட்டிலில் இறந்து கிடந்தான். இருதயம் என்றார்கள்.

தேவராசா அண்ணைக்கு அப்போதுதான் இருதயக் குழாயில் ஸ்டென்ற் வைத்திருந்தார்கள். விமானம் ஏறக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவரை விட்டுவிட்டு ராணி அக்கா போகமாட்டேன் என்றார். சுதா தனியாகப் போனாள். லண்டனில் திடீர்ச் சாவு என்றால் லேசில் உடலைத் தரமாட்டார்கள். விசாரணை அதிகாரியின் அலுவலகம் ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்றது. கடைசியில் மரணப் பதிவுக்குப் போன இடத்தில் இறந்தவரின் தொழில் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். சுதா அங்கிருந்து தகப்பனுக்கு எடுத்தாள். நான் அப்போது அவர்கள் வீட்டில் இருந்தேன்.

"ஐரி மனேச்சர் எண்டு சொல்லு."

போனில் சுதா ஏதோ சொன்னாள். அண்ணையின் முகம் இறுகியது.

"அதெல்லாம் ஒரு தொழிலே பிள்ளை? நான் சொன்னதைப் பதி."

'அதெல்லாம்' என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. சாவீட்டில் கேட்கக்கூடாத கேள்விகளை நான் நன்றாகப் பழகியவன்.

செத்தவீட்டை இணையத்தில் நேரலையாகக் காட்டினார்கள். அங்கே காலை, இங்கே எங்களுக்கு இரவுச் சாப்பாட்டு நேரம். சுதா வீட்டு வரவேற்பறையில் மடிக்கணினியைக் கதிரையில் வைத்துச் சுற்றி இருந்து பார்த்தோம். சுண்ணம் இடித்தார்கள், ஐயர் மந்திரம் சொன்னார், ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் கிரியை செய்தான். மண்டபம் நிறைந்த சனம். தமிழர் மட்டுமல்ல, கறுப்பர், வெள்ளையர், வங்காளிகள், பள்ளிக்கூட உடுப்போடு பிள்ளைகள். ஒரு பள்ளிக்கூடத்துக் கம்பியூட்டர்காரனுக்கு இவ்வளவு சனமா என்று நான் யோசித்தேன். கிரியை முடிந்து, தலையில் துணி கட்டிய உயரமான ஒருவன் ஒலிவாங்கியைப் பிடித்ததும் தேவராசா அண்ணை எழுந்து மடிக்கணினியை மூடிவிட்டார்.

"கிரியை முடிஞ்சுது. இனி என்னத்துக்கு" என்றார்.

ராணி அக்கா எழுந்து குசினிக்குள் போனார்.

3

கல்வெட்டுக்கான விபரத்தை அண்ணை வாயாலேயே சொன்னார், நான் குறித்துக்கொண்டேன். பிறந்த ஊர், அப்பப்பா, அம்மம்மா பெயர்கள், நட்சத்திரம். பிறகு படிப்பு.

"கம்பியூட்டர் சயன்ஸ். செகண்ட் அப்பர்."

வெளியாட்களுக்கு இதுவும் விளங்காது. எங்கள் ஆட்களுக்குப் பட்டம் மட்டும் போதாது, வகுப்பும் வேண்டும். ஃபர்ஸ்ட் கிளாஸ் என்றால் தலை நிமிர்த்திச் சொல்வோம். செகண்ட் அப்பர் என்றால் சாதாரணமாகச் சொல்வோம். செகண்ட் லோவர் என்றால் பட்டம் எடுத்தவர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவோம். பெண் கேட்டுப் போகும்போது இதற்காகவே கழன்ற சம்பந்தங்கள் எனக்குத் தெரியும். கல்வெட்டிலும் அதை விடமாட்டோம். செத்தாலும் வகுப்பு வேண்டும்.

"பாட்டு, கூத்து ஒண்டும் வேண்டாம் தம்பி. படிச்சவன், பண்பானவன், தாய் தேப்பனுக்கு அடங்கினவன். அது காணும்."

அப்படியே எழுதினேன். கைக்குப் பழகிய வேலை. பெயரையும் ஊரையும் மாற்றினால் யாருக்கும் பொருந்தும்.

மண்டபம் எடுக்கவும் நானே போனேன். நகரசபைப் பெண்பிள்ளை என்ன நிகழ்வு என்று கேட்டாள். இறந்தவருக்காக என்றேன். வருத்தம் தெரிவித்தாள். செத்தவீடு எப்போது நடந்தது என்றாள். போன மாதம், லண்டனில் என்றேன். குழம்பிப்போனாள். அப்படியென்றால் இது இரண்டாவது செத்தவீடா என்று கேட்டாள். ஒருவகையில் ஆம் என்றேன். சாப்பாடு உண்டா, பிள்ளைகள் வருவார்களா, ஒலிபெருக்கியில் இசை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இசை இல்லை என்றேன்.

கல்வெட்டைப் பக்கம் அமைத்துத் தருவது என் மகள் அபி. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பத்து வருடம் படித்தும் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். நான் எழுதுவதை வெட்டி ஒட்டுவாளே தவிர உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கமாட்டாள். 'டாட்ஸ் டெத் பொயெம்ஸ்' என்று சிநேகிதிகளுக்குச் சொல்வது என் காதில் விழுந்திருக்கிறது. ஆனால் அன்றைக்குப் படத்தை ஒட்டப் போனவள் கை நின்றுவிட்டது.

"அப்பா, ஹூ இஸ் திஸ்?"

"தேவராசா அங்கிளின்ர மகன். நிரூபன்."

"நோ. திஸ் இஸ் செகண்ட் லோவர்."

எனக்கு விளங்கவில்லை. யாருடைய வகுப்பைச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"தட்ஸ் ஹிஸ் நேம், அப்பா. ராப் பண்ணுறவர். யூகே ஹிப்ஹொப். நான் நேரில பாத்தனான். ரெண்டு வருசத்துக்கு முதல் பிரன்ஸ்விக்கில, ஒரு பப்பில. தேவராசா அங்கிளின்ர மகனா? சீரியஸ்லி?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. என் மகள் ஒரு கல்வெட்டைப் பார்த்து அழுவது அதுதான் முதல் தடவை.

அவன் பெற்றோரைப் பார்க்க மெல்பேர்ன் வந்திருந்த நேரம், சிநேகிதனைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் அந்தச் சின்ன இடத்தில் பாடியிருக்கிறான். முடிந்தபிறகு இவள் போய்ப் பேசியிருக்கிறாள். தமிழ்ப்பிள்ளை என்றதும் சந்தோசப்பட்டு ஒரு கோலா வாங்கிக் கொடுத்தானாம். ஏன் இந்தப் பெயர் என்று இவள் கேட்டதற்குச் சொல்லியிருக்கிறான்: நான் எடுத்தது செகண்ட் லோவர். வீட்டில் ஊருக்கெல்லாம் செகண்ட் அப்பர் என்று சொல்லிவிட்டார்கள். ஓரிடத்திலாவது நான் நானாக இருக்கட்டும் என்று வைத்தேன்.

பிறகு அபி கல்வெட்டில் நான் எழுதியிருந்ததை விரலை வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். 'செகண்ட் அப்பர் சித்தியெய்திச் செம்மையுற்ற சீராளன்.' நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் குசினிக்குத் தேத்தண்ணி போடப் போனேன்.

4

அடுத்த நாள் கல்வெட்டின் மாதிரிப் பிரதியோடு அண்ணை வீட்டுக்குப் போனோம். வாய் திறக்காதே என்று அபிக்கு வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். அவள் ஓம் ஓம் என்றாள். உள்ளே போய் இருந்ததும் கேட்டுவிட்டாள்.

"அங்கிள், ஏன் அவரின்ர ராப் பற்றி ஒண்டும் இல்லை?"

தேவராசா அண்ணை என்னைப் பார்த்தார், நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் சத்தம் போடவில்லை. வகுப்பில் பிழைவிட்ட பிள்ளைக்கு விளங்கப்படுத்துவதுபோல மெல்லத் தொடங்கினார்.

"பிள்ளை, நான் ஒரு பொய் சொன்னனான். அவன்ர றிசல்ற் வந்தவுடனை எல்லாருக்கும் செகண்ட் அப்பர் எண்டு சொல்லிப்போட்டன். பெற்றோல் செட்டில நிண்டு படிப்பிச்ச எனக்கு அந்த ஒரு பொய் சொல்ல உரிமை இல்லையே? பிறகு ஒரு கலியாணவீட்டில ஒருத்தர் வந்து சொல்லுறார், உங்கட மகன் செகண்ட் லோவர் எண்டு றோட்டெல்லாம் நோட்டிஸ் ஒட்டியிருக்கிறான் எண்டு. எல்லாருக்கும் முன்னால. அந்தப் பேர் எனக்கு அடிச்ச அடி. இத்தனை வருசமா மேடை மேடையா ஏறி அடிச்சிருக்கிறான். இப்ப செத்தும்போனான். நான் என்ன செய்ய? அதை அச்சடிச்சு ஊருக்குக் குடுக்கட்டோ?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அவர் வெட்கப்பட்டது ராப்புக்காக அல்ல. மகன் தன்னை வெறுத்துக்கொண்டே செத்துப்போனான் என்று நம்பிக்கொண்டிருந்தார். எனக்கும் பிள்ளை இருக்கிறது. என்னால் அந்தக் கதிரையில் இருக்க முடியவில்லை.

"அங்கிள், நீங்கள் அவரின்ர பாட்டுக் கேட்டிருக்கிறீங்களா?" என்றாள் அபி.

"கேக்கத் தேவையில்லை."

"போடு பிள்ளை."

சொன்னது ராணி அக்கா. குசினி வாசலில் கை துடைத்துக்கொண்டு நின்றார்.

"உனக்கென்ன தெரியும்?" என்றார் அண்ணை.

"நான் கேட்டனான். நீங்கள் கோயிலுக்குப் போற நேரம் கேக்கிறனான். நீங்கள்தான் கேக்கேல்லை. அந்தப் பெருக்கல் வாய்பாட்டுப் பாட்டு இருக்கெல்லே, அதைப் போடு பிள்ளை."

அபி போனை மேசையில் வைத்தாள். முதலில் கசெற்றின் இரைச்சல். பிறகு ஓர் ஆண்குரல், இளமையான, கொஞ்சம் அவசரமான யாழ்ப்பாணத்துக் குரல்.

*ஓரெட்டு?* ஓர் இடைவெளி. *எட்டு. சரி, அடுத்தது. ஈரெட்டு?* இடைவெளி. *பதினாறு. சரி, அடுத்தது.*

"ஆர் இது?" என்றார் தேவராசா அண்ணை.

"நீங்கள்தான்" என்றார் ராணி அக்கா.

அந்தக் குரலின் அடியில் பறை கேட்பதுபோலத் தாளம் சேர்ந்தது. இடைவெளிகளுக்குள் நிரூபன் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினான். கத்தவில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரனோடு கதைக்கிற மாதிரி, தாழ்ந்த குரலில், சீராக. எனக்குப் பாதிதான் விளங்கியது. வேலைக்கு நேரமாகிறது, தகப்பன் மேசைக்கு முன் இருந்து கசெற் ரெக்கோடருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார், மகன் பின்னேரம் பள்ளியால் வந்து அந்தப் பெட்டியோடு கதைக்கிறான், பெட்டி சரி என்கிறது, பிழையாகச் சொன்னாலும் சரி என்கிறது. தகப்பனின் உடுப்பில் பெற்றோல் மணம், அவரிடம் கணக்குக் கேட்க ஒருவரும் வருவதில்லை, சிகரெட் கேட்கத்தான் வருகிறார்கள். இதைத்தான் பாடினான். பழிப்பு ஒன்றும் அதில் இல்லை.

*ஏழெட்டு?* என்றது கசெற்.

இடைவெளி நீண்டது. மற்ற இடைவெளிகளைவிட நன்றாக நீண்டது. அந்த இடத்தில் தாளமும் நின்றது, நிரூபனும் பேசவில்லை. இரைச்சல் மட்டும். அபி தன்னையறியாமல் வாய்க்குள் "ஐம்பத்தாறு" என்றாள்.

*ஐம்பத்தாறு. சரி, அடுத்தது.*

பாட்டின் முடிவில் தூரத்தில் ஒரு பெண்குரல். *நேரம் போட்டுது, பஸ் வரப்போகுதப்பா.* ரெக்கோடரை நிறுத்துகிற சத்தம். அவ்வளவுதான்.

"அது நான்" என்றார் ராணி அக்கா.

அண்ணை போனைத் தன் பக்கம் இழுத்துவைத்தார். பிறகு இன்னொருக்காப் போடச் சொன்னார். இரண்டாம் தரம் முடிந்தபோது அபியிடம் கேட்டார்:

"நீ அந்த இடத்தில என்னவோ சொன்னியே?"

"ஐம்பத்தாறு, அங்கிள். எல்லாரும் சொல்லுவினம். கான்சேட்டில அவர் மைக்கை எங்கட பக்கம் திருப்புவார். பிரன்ஸ்விக்கில வெள்ளைக்காரப் பொடியள் எல்லாம் தமிழிலதான் கத்தினவங்கள். லண்டனில செத்தவீட்டிலயும் சொன்னவை. நான் பிறகு அந்த வீடியோ பாத்தன். அந்த உயரமான ஆள் கேட்டார், முழு மண்டபமும் மறுமொழி சொன்னது."

தான் மடிக்கணினியை மூடியபிறகு அங்கே என்ன நடந்தது என்பதை அவர் அப்போதுதான் கேட்கிறார். மேசையில் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏழெட்டில எப்பவும் தடக்குவான்" என்றார். "அதுதான் அதுக்கு மட்டும் கொஞ்சம் கூட நேரம் விட்டனான். யோசிச்சுச் சொல்லட்டும் எண்டு. அதை அவன் வெட்டேல்லை. அப்பிடியே விட்டிருக்கிறான்."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. ராணி அக்கா வந்து பக்கத்தில் இருந்தார். நானும் அபியும் செருப்பைப் போடும்போது அண்ணை பின்னாலேயே வாசல்வரை வந்தார்.

"தம்பி, அந்த செகண்ட் அப்பரை எடுத்துவிடு. உள்ளதை எழுது."

"ஓம் அண்ணை. போட்டு வாறம்" என்றேன்.

5

உள்ளதை எழுது என்று சொல்லிவிட்டார். எனக்குப் பழக்கமில்லாத வேலை. முதலில் அவனைக் கேட்க வேண்டும். அபி என் போனில் அவனுடைய பாட்டுகள் எல்லாவற்றையும் போட்டுத் தந்தாள். ரயிலில் வேலைக்குப் போகும்போது கேட்டேன், சாப்பாட்டு இடைவேளையில் கேட்டேன். விளங்காத இடங்களைக் குறித்துக்கொண்டு வந்து அவளிடம் கேட்டேன். நானும் மகளும் அந்தக் கிழமை கதைத்த அளவுக்கு முந்தைய ஒரு வருடத்தில் கதைத்திருக்கமாட்டோம். அவள் ஆங்கிலத்தில் சொல்வாள், நான் தமிழில் கேட்பேன், என் மனைவி கலா இரண்டையும் கேட்டுக்கொண்டு கீரை ஆய்வாள்.

ஒரு வரிக்கு ஓர் எதுகை வைக்க நான் களஞ்சியம் முழுக்கச் சுற்றி வருகிறவன். இவன் ஒரே வரியில் நாலு இடத்தில் வைத்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோலப் போகிறான். எங்களுடைய ஆட்களைப் பற்றி எவ்வளவோ பாடியிருக்கிறான். ஊரில் அதிபராக இருந்து லண்டனில் வாசல் காக்கிறவர், லிஃப்ட் பழுதான மாடிக்குடியிருப்பில் அரிசி மூட்டையோடு படியேறுகிற அம்மாக்கள், சண்டைக் காலத்தில் ஊருக்கு எடுத்த போன் பாதியில் நின்றுபோன சத்தம். முப்பது வருடமாக நான் எழுதின கல்வெட்டுகளில் இவர்கள் எல்லோரும் வந்திருக்கிறார்கள். ஆனால் ஒருவரும் பெற்றோல் செட்டில் நின்றதாக நான் எழுதியதில்லை. 'அந்நிய மண்ணில் அரும்பணி ஆற்றி' என்று எழுதிவிட்டுப் போய்விடுவேன்.

லண்டன் பத்திரிகை ஒன்றில் அவனைப் பற்றி வந்திருந்ததை அபி வாசித்துச் சொன்னாள். உரிய மதிப்புக் கிடைக்காமல் போன கலைஞன் என்று எழுதியிருந்தார்கள். பெரிய இசைக் கொம்பனி ஒன்று கேட்டுவந்து, இந்தப் பெயர் விலைப்படாது, வேறு வை என்றதாம். அவன் மாட்டேன் என்று பள்ளிக்கூட வேலைக்கே திரும்பிப் போய்விட்டானாம். எனக்குக் கோபம்தான் வந்தது. உயிரோடு இருந்தபோது அரைப்பக்கம் கொடுக்காதவர்கள் இப்போது மதிப்புக் கிடைக்கவில்லை என்று அழுகிறார்கள். கொடுக்காதது யார் என்று மட்டும் எழுதவில்லை.

"நீங்கள் மட்டும் என்னவாம்?" என்றாள் கலா, கீரையிலிருந்து தலையை எடுக்காமல். "ஆள் போனாப்பிறகு பாட்டு எழுதுறதுதானே உங்கட வேலையும்."

 எழுதியதையெல்லாம் கிழித்துவிட்டுத் திரும்பத் தொடங்கினேன். பட்டம் இருந்த இடத்தில் 'செகண்ட் லோவர் எனும் பெயரால் தேசமெலாம் பாடியவன்' என்று வந்தது. நடுவில் இந்த நாலு வரியும் வந்தன:

வேலைக்குப் போகுமுன்னே விட்டகுரல் கேட்டிருந்தான்
மாலைக்கு மாலையவன் மறுமொழிகள் சொல்லிவந்தான்
நாலெட்டு முப்பத்தி ரண்டென்று நகர்ந்துவந்தான்
ஏழெட்டு என்றகுரல் இன்றுமவன் வாய்பார்க்கும்.

கடைசி வரியில் எதுகை சரியாக இல்லை. பண்டிதர்கள் யாராவது கண்டால் திட்டுவார்கள். மாற்ற மனம் வரவில்லை.

6

முப்பத்தோராம் நாள் மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் வழமையான ஆட்கள். பின்னால், நான் எந்தக் கல்வெட்டு வாசிப்பிலும் காணாத கூட்டம். அபி யார் யாருக்கோ சொல்லியிருக்கிறாள். நகரின் மறுகோடியில் இருக்கிற ட்ருகனினாவிலிருந்துகூட வந்திருந்தார்கள். எங்கள் பிள்ளைகள்தான் கூட, தமிழ்நாட்டுப் பிள்ளைகள், மலேசியப் பிள்ளைகள், அவர்களோடு சூடான்காரப் பொடியன் ஒருவன், தலைமயிருக்கு நீலம் அடித்த வெள்ளைக்காரப் பெண்பிள்ளை ஒருத்தி. வாசலில் சப்பாத்துகளைக் கழற்றி ஒழுங்காக அடுக்கிவிட்டுச் சுவரோடு நின்றார்கள். இந்தப் பிள்ளைகள் வழக்கமாகச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவார்கள், அதுவரை கார்த்தரிப்பிடத்தில் போனோடு நிற்பார்கள்.

முன்வரிசை மாமா ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "இதுகள் ஆர்?" என்று கேட்டார்.

"மகன்ர ஆக்கள்" என்றார் தேவராசா அண்ணை.

ஐயர் முடித்துவிட்டுத் தலையாட்டினார். நான் எழுந்து கல்வெட்டை விரித்தேன். தேவாரம், பிறந்த ஊர், பெற்றோர் பெருமை எல்லாம் ஓடியது. செகண்ட் லோவர் என்ற சொல் வந்தபோது முன்வரிசையில் சிலர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அண்ணை நேரே நிரூபனின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தொடர்ந்து வாசித்தேன்.

எத்தனையோ சாவீடுகளில் குரல் தளம்பாமல் வாசித்திருக்கிறேன். வாசிக்கிறவன் அழக்கூடாது, அழுதால் சொல் விளங்காது. அன்றைக்கு 'வேலைக்குப் போகுமுன்னே' என்று தொடங்கினேன். 'நாலெட்டு முப்பத்தி ரண்டென்று' வரை வந்துவிட்டேன். 'ஏழெட்டு' என்றேன், அதற்குமேல் குரல் வரவில்லை. தண்ணீர் எங்கே என்று பார்த்தேன்.

பின்னாலிருந்து எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகச் சொன்னார்கள்.

"ஐம்பத்தாறு."

சாவீட்டில் அப்படிச் சத்தம் எழும்பியதும் முன்வரிசை திடுக்கிட்டுத் திரும்பியது. கையில் விபூதித் தட்டோடு நின்ற ஐயர் அப்படியே நின்றார். எல்லோரும் தேவராசா அண்ணையைப் பார்த்தோம். அவர் திரும்பவில்லை. படத்தைப் பார்த்தபடியே, கொப்பியில் சரி போடுகிற வாத்தியாரின் குரலில்,

"சரி" என்றார்.

பின்னால் நின்ற பிள்ளைகளுக்கு அடுத்த சொல் தெரியும். காத்துக்கொண்டு நின்றார்கள். அண்ணையின் வாயும் அதற்குத் திறந்தது. ஆனால் 'அடுத்தது' என்ற சொல் வரவில்லை. ராணி அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

அபி தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். குடித்துவிட்டு மிச்சத்தை வாசித்தேன்.